பழைய யெஸ்டியில் யாரோ மாட்டிவிட்ட பாகங்கள்: இனம் காண்பதும் வாங்குவதும்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தாய்மாமா ஓட்டிய யெஸ்டி ரோட்கிங் மோட்டார் சைக்கிள் இப்போது அவர் கைக்கு வந்திருக்கிறது. கார்புரேட்டர் கம்பெனியில் வந்தது இல்லை. பின் ஷாக் அப்சார்பர் வேறு எதனுடையதோ. சீட்டுக்கு அடியில் பெயரே இல்லாத ஒரு கறுப்புப் பெட்டி. செயினும் பல்சக்கரமும் மாற்றியது போலத் தெரிகிறது. கடையில் போய் யெஸ்டிக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்த எதுவும் பொருந்தவில்லை. மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றி வீசிவிட்டு ஒரிஜினல் போடலாம் என்கிறார். மாமா மாட்டியது எல்லாம் என்ன, அதற்கான சாமான் எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

முதல் வேலையாக, கடையில் யெஸ்டி என்ற பெயரைச் சொல்வதை நிறுத்துங்கள். வெளியிலிருந்து வந்து மாட்டிய பாகத்துக்கும் யெஸ்டிக்கும் சம்பந்தம் இல்லை. அது வேறொரு வண்டிக்காகச் செய்ததாக இருக்கும், அல்லது எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான அளவில் வந்ததாக இருக்கும், அல்லது ஏதோ ஒரு லேத் பட்டறையில் கடைந்ததாக இருக்கும். இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய கடையும் தெரிந்துவிடும். வண்டிப் பெயரைச் சொன்னால் கடைக்காரர் யெஸ்டி சாமானைத்தான் எடுத்துக் கொடுப்பார். அது உங்கள் வண்டியில் இப்போது இருப்பதோடு சேராததில் ஆச்சரியமே இல்லை.

இந்த வண்டிகளில் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை 1961ல் வண்டி தயாரிக்கத் தொடங்கியது, 1996ல் மூடிவிட்டது. ரோட்கிங் 1978ல் வந்த மாடல். ஆலை மூடிய பிறகு வண்டியை ஓட வைக்க வேண்டியவர்கள் கைக்குக் கிடைத்ததை மாட்டினார்கள். உங்கள் மாமாவும் அதைத்தான் செய்திருக்கிறார், அதில் தப்பு ஒன்றும் இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018ல் திரும்ப வந்த ஜாவாவும் 2022ல் வந்த யெஸ்டியும் தண்ணீரால் குளிரும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் உள்ள வண்டிகள், உங்களுடையது டூ ஸ்ட்ரோக். டாங்கில் அதே பெயர் இருக்கிறதே என்று அந்த ஷோரூமில் போய் நின்றால் உங்கள் வண்டிக்கு ஒரு வாஷர் கூடக் கிடைக்காது.

கழற்றுவதற்கு முன் நாலா பக்கமும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு ஒயரும் எந்த நிறம், எதில் போய்ச் சேருகிறது என்று தாளில் எழுதுங்கள். கையில் ஒரு வெர்னியர், ஒரு ஸ்டீல் ஸ்கேல், மரை அளக்கும் பிட்ச் கேஜ், ஒரு மல்டிமீட்டர் இருந்தால் முக்கால்வாசி வேலையை வீட்டிலேயே முடித்துவிடலாம்.

கார்புரேட்டரிலிருந்து தொடங்குவோம், அதில்தான் விஷயம் அதிகம். யெஸ்டிகளில் பெரும்பாலும் வந்தது ஜிகோவ் என்ற செக் நாட்டுக் கார்புரேட்டர். அது தேய்ந்து ஐடிலிங் நிற்காமல் போனதும் பலரும் ஜப்பானின் மிக்குனி வகைக் கார்புரேட்டருக்கு மாறினார்கள். உங்களுடையதும் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். வெளியே கழற்றி, மண்ணெண்ணெயில் ஊற வைத்து, பழைய பல் பிரஷால் தேயுங்கள். உடம்பின் பக்கவாட்டிலோ இன்ஜினைப் பார்த்த வாயின் ஓரத்திலோ வார்ப்பில் எழுத்து இருக்கும். வி.எம். 20, வி.எம். 22, வி.எம். 24 என்று இருந்தால் அந்த எண் வாயின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்வது. எழுத்து அழிந்திருந்தால் இன்ஜின் பக்க வாயை வெர்னியரில் அளங்கள். மிக்குனி, மிக்கார்ப், பாக்கோ என்று பெயர் எதுவாக இருந்தாலும் வடிவம் ஒரே குடும்பம்தான். ஆனால் உள்ளே போகும் சாமான் ஒன்றுக்கொன்று அப்படியே சேரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடிக் கிண்ணத்தைக் கழற்றும்போது நிதானம் வேண்டும். அந்த நாலு திருகும் ஜப்பான் அளவு ஸ்டார். நம் ஊர் ஸ்டார் டிரைவர் அதில் சறுக்கித் தலையை மழுக்கிவிடும். டிரைவரை வைத்துப் பின்னால் லேசாகத் தட்டி உட்கார வைத்த பிறகு அழுத்தித் திருப்புங்கள். உள்ளே நடுவில் பித்தளையில் மெயின் ஜெட், பக்கத்தில் குழிக்குள் பைலட் ஜெட். ஜெட் என்பது பெட்ரோல் போகும் அளவைத் தீர்மானிக்கும் சின்ன ஓட்டை உள்ள திருகு. இரண்டின் முகத்திலும் எண் வெட்டியிருக்கும், லென்ஸ் வைத்துப் பாருங்கள். அசல் மிக்குனி ஜெட்டில் எண்ணோடு சதுரத்துக்குள் சதுரமாக ஒரு சின்ன முத்திரையும் இருக்கும். மெயின் ஜெட்டின் தலை அறுகோணமா உருண்டையா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடையில் எண் மட்டும் சொன்னால் வேறு மரை உள்ள ஜெட் வந்து சேரும். ஒரு கம்பெனியின் 100ம் இன்னொரு கம்பெனியின் 100ம் ஒன்றல்ல. அளக்கும் முறையே வேறு.

அடுத்து, ஆக்சிலேட்டரைத் திருப்பினால் மேலேறும் ஸ்லைடை இழுத்து எடுங்கள். அடிப்பக்கம் 2.0, 2.5 என்பது போல ஒரு எண் இருக்கும். அது ஸ்லைடின் ஒரு பக்கம் எவ்வளவு வெட்டியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. எண் கூடினால் கொஞ்சமாக ஆக்சிலேட்டர் திருப்பும்போது கலவையில் பெட்ரோல் குறையும். ஸ்லைடில் தொங்கும் ஊசியின் தலைப்பக்கம் எண்ணும் எழுத்தும் கலந்து ஒரு குறி இருக்கும், கிளிப் எந்தப் பள்ளத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ளோட் ஊசி உட்காரும் பித்தளைத் துண்டிலும் 1.5, 2.0 என்று அளவு இருக்கும். இத்தனையும் ஒரு தாளில் இருந்தால், இந்தியாவில் எந்த ஊர்க் கடைக்காரரிடமும் போனிலேயே பேசி வாங்கலாம். இது எந்த வண்டிக்கு என்று அவர் கேட்கவே மாட்டார்.

ரிப்பேர் கிட் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும், அல்லது இறுகி வெடித்துவிடும். அதனால் ஃப்ளோட் ஊசி நுனி, ஓ ரிங், பெட்ரோல் டியூப் மூன்றையும் பெயர் தெரிந்த கம்பெனியில் புதிதாக வாங்குங்கள், இங்கே காசு பார்க்கக் கூடாது. இன்னொரு முக்கியமான விஷயம், இது பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓடும் இன்ஜின். மெயின் ஜெட் சின்னதாகப் போனால் பெட்ரோல் மட்டும் குறைவதில்லை, கூடவே ஆயிலும் குறைகிறது. தொப்பூர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுத்துக்கொண்டு போகும்போது பிஸ்டன் பிடித்துக்கொள்வது இப்படித்தான். சந்தேகம் இருந்தால் ஒரு அளவு பெரிய ஜெட்டில் தொடங்கி, பிளக் நிறத்தைப் பார்த்துப் பார்த்துக் கீழே வாருங்கள்.

மிக்குனி வகையை யெஸ்டி சிலிண்டரில் உட்கார வைக்க நடுவில் ஒரு அலுமினியத் துண்டு இருக்கும். அது எந்தக் கம்பெனியும் செய்ததல்ல, யாரோ ஒரு லேத்காரர் கடைந்தது. அது வெடித்திருந்தாலோ முகம் வளைந்திருந்தாலோ கடை கடையாக அலைவதில் பிரயோசனம் இல்லை. போல்ட் ஓட்டைகளின் மையத்திலிருந்து மையம் வரை எவ்வளவு, உள் விட்டம், தடிமன் எல்லாம் படமாக வரைந்து புதிதாகக் கடையச் சொல்லுங்கள். நடுவில் சூட்டைக் கடத்தாத ஹைலம் தகடு ஒன்று வைத்தால் சிலிண்டர் சூடு கார்புரேட்டருக்கு ஏறாது. மாட்டிய பிறகு இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, இணைப்பைச் சுற்றிக் கிரீஸ் பூசிப் பாருங்கள். பூசியதும் இன்ஜின் சத்தம் மாறினால் அங்கே காற்று புகுந்துகொண்டிருந்தது என்று அர்த்தம்.

இப்போது அந்தக் கறுப்புப் பெட்டி. அந்தக் கால ரோட்கிங்குகள் பெரும்பாலும் பாயிண்ட் இக்னிஷனோடு, அதாவது தொட்டுப் பிரியும் முனைகளால் பிளக்குக்குப் பொறி தரும் அமைப்போடு வந்தவை. உங்கள் மாமா பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் போட்டிருக்கிறார். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் ஒயர்தான் பேச வேண்டும். மேக்னெட் பக்கமிருந்து வரும் ஒயர்களைப் பின்தொடருங்கள். மேக்னெட்டுக்குள் இருக்கும் ஒரு தனி காயிலிலிருந்து பெட்டிக்கு நேராகக் கரண்ட் போனால், அது பேட்டரி இல்லாமலே ஓடும் ஏ.சி. வகை சி.டி.ஐ. (எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி). சாவி போட்டதும் பேட்டரியின் 12 வோல்ட் பெட்டிக்கு வந்தால் அது பேட்டரியை நம்பி ஓடும் வகை. இரண்டும் வெளித் தோற்றத்தில் ஒன்று போலவே இருக்கும். மாற்றி மாட்டினால் பெட்டி போய்விடும்.

அப்புறம் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் எச்.டி. காயில். சாவியை அணைத்து, ஒயரைக் கழற்றிவிட்டு, காயிலின் பிரைமரி பக்கத்தை மல்டிமீட்டரில் ஓம் அளந்து பாருங்கள். 12 வோல்ட் பாயிண்ட் வண்டியின் காயில் மூன்று, நான்கு ஓம் காட்டும். சி.டி.ஐ. காயில் ஒரு ஓமுக்கும் கீழே காட்டும். மீட்டர் கம்பிகள் இரண்டையும் தொட்டு வைத்தால் வரும் மதிப்பை இதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். பழைய பாயிண்ட் காயிலையே விட்டுவிட்டு சி.டி.ஐ. பெட்டியை மட்டும் மாட்டிய வண்டிகள் நிறைய உண்டு. ஓடும், ஆனால் மழை நாளிலும் ஏற்றத்திலும் மிஸ்ஸிங் வரும். பெட்டி கெட்டது என்று நினைத்து மூன்று பெட்டி மாற்றுவார்கள், காயிலைப் பார்க்கவே மாட்டார்கள்.

இந்த ஒன்றில் மட்டும் உங்கள் மெக்கானிக் சொல்வதோடு நான் ஒத்துப்போகிறேன். பெயரில்லாத இக்னிஷன் பெட்டியை வைத்துக்கொண்டு நெடுந்தூரம் போகக் கூடாது. அஞ்செட்டி காட்டுப் பாதையில் அது நின்றால் அதற்கு மாற்று எந்த ஊரிலும் கிடைக்காது. ஒன்று பாயிண்டுக்கே திரும்புங்கள், அல்லது இன்றும் கடையில் கிடைக்கும் சாதாரண 100 சிசி வண்டியின் பெட்டி, பொறி விட வேண்டிய நேரத்தைப் பெட்டிக்குச் சொல்லும் பிக்கப், காயில் மூன்றையும் ஒரே செட்டாக வாங்கி மாட்டச் சொல்லுங்கள். எந்த வண்டியுடையது என்று பெட்டியின் மேலேயே பெயிண்டில் எழுதிவையுங்கள். அடுத்து கை வைப்பவருக்கு அது பெரிய உதவி.

பேரிங்கும் ஆயில் சீலும் இருப்பதிலேயே சுலபம். பேரிங் பக்கவாட்டில் உள்ள எண்தான் அதன் ஜாதகம். 6203 என்றால் உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். 6204 என்றால் 20, 47, 14. உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் இந்த அளவு மாறாது. அதனால் வீல் பேரிங்குக்கு மோட்டார் சைக்கிள் கடைக்கே போக வேண்டியதில்லை, தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கிணற்று மோட்டாருக்கு பேரிங் விற்கும் கடையிலேயே நல்ல சரக்கு இருக்கும். கிராங்க் பேரிங்குக்கு மட்டும் எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டுச் செய்தது அது, சூட்டில் விரிந்தாலும் இறுகாது. சீலின் முகத்தில் மூன்று எண் இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன். அதைச் சொன்னால் போதும்.

பழைய ஸ்டாக் புதுச் சரக்கு, கம்பெனி பாக்கெட் பிரிக்காதது என்று சிலர் நல்ல விலை சொல்வார்கள். கியர், ஷாஃப்ட், ஹேண்டில் பார் கிளாம்ப் போன்ற இரும்புச் சாமானாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். முப்பது வருஷம் டப்பாவில் கிடந்த ஆயில் சீலையும் ரப்பரையும் ஓசியில் கொடுத்தாலும் மாட்டாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் சீல் போனால் இன்ஜின் வெளிக்காற்றை இழுக்கும், பிறகு எந்த ஜெட் மாற்றினாலும் சரிவராது.

மரை விஷயத்தில் நம் பக்கத்துப் பழைய வண்டிகள் ரொம்பவே அடி வாங்கியவை. யெஸ்டி செக் நாட்டு ஜாவாவின் வழி வந்தது, மரையெல்லாம் மெட்ரிக். ஆனால் அந்தக் காலத்து ஹார்டுவேர் கடைகளில் கிடைத்தது இஞ்ச் போல்ட். எம் 8 போல்ட் தொலைந்துபோனால் 5/16 இஞ்ச் போல்ட்டை முறுக்கி ஏற்றிவிடுவார்கள், ஏனென்றால் விட்டம் 7.94 மில்லிமீட்டர், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எம் 8ல் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.25 மில்லிமீட்டர். 5/16 விட்வொர்த்தில் ஒரு இஞ்சுக்கு 18 மரை, அதாவது ஏறக்குறைய 1.41. இரண்டு சுற்று கையால் போகும், அப்புறம் ஸ்பேனர் கேட்கும், அலுமினியத்தில் இருக்கும் மரையைச் சீவிக்கொண்டே உள்ளே போகும். அதனால் கழற்றும் ஒவ்வொரு போல்ட்டிலும் பிட்ச் கேஜை வைத்துப் பாருங்கள். கையால் கடைசி வரை போகாத போல்ட் உங்கள் வண்டியின் போல்ட் இல்லை. சீவப்பட்ட ஓட்டைக்குப் பெரிய டேப் அடிக்கச் சொல்வதைவிட ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரையைப் போட்டு எம் 8க்கே திரும்புவது நல்லது, பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒருநாள் சுவர் மிஞ்சாது.

ஷாக் அப்சார்பருக்கு வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின் வீல் தொங்கும்போது மேல் போல்ட் மையத்திலிருந்து கீழ் போல்ட் மையம் வரை அளங்கள். அதோடு மேலும் கீழும் புஷ்ஷின் உள் விட்டம், அகலம், ஸ்பிரிங் கம்பியின் தடிமன், ராடு எவ்வளவு உள்ளே போகிறது என்பது. உடம்பில் கேப்ரியல் போன்ற பெயரும் எண்ணும் அடித்திருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதை வைத்தே எந்த வண்டிக்குச் செய்தது என்று டீலர் சொல்லிவிடுவார். பக்கத்து ஓசூரிலேயே அவர்களுக்கு ஆலை இருக்கிறது. நீளம் ஒரு இஞ்ச் கூடினால் ஸ்டாண்ட் போட்டால் வண்டி சாயும், செயினும் வேறு கோணத்தில் இழுக்கும். ரப்பர் புஷ் மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள்.

செயினில் எண் அழிந்திருந்தால் பத்து பின் இடைவெளியைச் சேர்த்து அளங்கள். 127 மில்லிமீட்டர் வந்தால் அரை இஞ்ச் பிட்ச், 428 என்ற எண் உள்ள செயின் அதில் வருவது. 158.75 வந்தால் 520, 530 குடும்பம், உள் அகலம் எது என்று சொல்லும். பல்சக்கரத்துக்குப் பல் எண்ணிக்கை, நடு ஓட்டை, போல்ட் வட்டத்தின் விட்டம், தடிமன். கேபிளுக்கு அளவே வேண்டாம், பழையதைக் கையில் கொண்டு போனால் அதே நீளத்தில் செய்து கொடுப்பார்கள். ஸ்பார்க் பிளக்கில் மட்டும் மரை நீளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்.ஜி.கே. குறியில் எச் என்றால் 12.7 மில்லிமீட்டர், இ என்றால் 19. மாறிப் போனால் பிஸ்டனில் இடிக்கும்.

வாங்கும் இடம். முதலில் உள்ளூர்: பேரிங், சீல், போல்ட், செயின், கேபிள், பிளக் எல்லாம் மாவட்டத்தைத் தாண்டாமல் கிடைக்கும். கடைய வேண்டியதற்கு ஓசூர். 1984ல் இன்ட் சுசுகி ஏ.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிள் வெளிவந்த ஊர் அது. அங்குள்ள ஆலைகளுக்குச் சாமான் செய்து கொடுத்துப் பழகிய சின்னச் சின்னப் பட்டறைகள் சிப்காட்டைச் சுற்றி இருக்கின்றன. சாம்பிளும் அளவு போட்ட படமும் கொடுத்தால் ஒரு துண்டு மட்டும் செய்து தர ஒப்புக்கொள்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். எந்த இடத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும், எந்த இடத்தில் சுற்ற வேண்டும் என்பதைப் படத்திலேயே எழுதுங்கள், அதைச் சொல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கையும் தடுமாறும்.

கார்புரேட்டர் சாமானுக்கும் இக்னிஷன் செட்டுக்கும் பெங்களூர் ஜே.சி. ரோடு. கிருஷ்ணகிரியிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர்தான், காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். யெஸ்டிக்கே உரிய கிராங்க், கியர் போன்றவற்றுக்கு மைசூர்ப் பக்கம் விசாரியுங்கள். வண்டி பிறந்த ஊர், அதை விடாமல் வைத்திருப்பவர்கள் அங்கே இன்னும் அதிகம். சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய சாமான் கிடைக்கும், கையில் வெர்னியர் இல்லாமல் அங்கே போகாதீர்கள். எங்கே போனாலும் பழைய பாகத்தைத் துடைத்து எடுத்துப் போங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து நேர் மேலிருந்து எடுத்த படமாக அனுப்புங்கள், கையில் பிடித்து எடுத்த படத்தை வைத்து யாராலும் அளவு சொல்ல முடியாது.

கழற்றிய கிராங்க் கேஸ் வாங்கச் சொன்னால் மட்டும் யோசியுங்கள். இன்ஜின் எண் அதில்தான் இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் புதுப்பிக்கும்போது ஆர்.டி.ஓ. ஆபீஸில் நிற்க வேண்டி வரும். உங்கள் கேஸ் வெடித்திருந்தாலும் அலுமினியம் வெல்டிங் வைத்துக் காப்பாற்றப் பாருங்கள்.

யாரோ ஒருவர் ஜிகோவ் கார்புரேட்டர் தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஸ்லைடை உள்ளே விட்டு விரலால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் உடம்பே தேய்ந்துவிட்டது, அதை எந்தக் கிட்டும் சரிசெய்யாது, விட்டுவிடுங்கள். ஆட்டம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் வாங்கிச் சுத்தம் செய்து எண்ணெய் தடவி வையுங்கள். ஆனால் மாமா மாட்டிய கார்புரேட்டரில் வண்டி ஒழுங்காக ஓடுகிற வரைக்கும் அதைக் கழற்ற வேண்டியதில்லை.